பன்னிரண்டடிக் கயிறு

பொய்கையில் மாட்டுச்சந்தை இல்லாத ஒரு நாள்,
விடிகாலை நாலே முக்கால்.
சர்வீஸ் ரோட்டில் வாயைப் பிளந்து நின்றது
பால்கோவா நிறத்தில் ஒரு பழைய பென்ஸ்.

என் பிக்கப்பில் பதினொரு மூட்டை
இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்.
ஆறைத் தாண்டினால் வெயில் ஏறும், விலை இறங்கும்.
நிறுத்தியிருக்கக் கூடாது.
நிறுத்தினேன்.

செல்போன் வெளிச்சத்தில்
எஞ்சினிடம் துக்கம் விசாரிப்பவர் போலக் குனிந்திருந்தார்
மேல்விஷாரம் ஜக்கரியா பாய்.
ஆம்பூரில் கொழுந்தியா மகன் வலீமா முடிந்து திரும்புகிறார்.
பின்சீட்டில், துண்டால் இழுத்துக் கட்டி,
கல்யாணப் பெண் போல அசையாமல்
ஒரு பிரியாணி அண்டா.

கயிறு கட்டினோம். பன்னிரண்டு அடி.
"நான் பிரேக் புடிச்சா நீங்களும் புடிக்கணும் பாய்."
"எஞ்சின் ஓடலன்னா இதோட பிரேக்கு கருங்கல்லும்மா.
ரெண்டு காலாலயும் மிதிக்கணும்."
"மிதிங்க."

முன்னால் போகிறதற்கு மூன்று வயது,
இன்னும் இருபத்திரண்டு தவணை.
பெல்ட் போடாவிட்டால் கத்தும்,
பின்னால் நாய் போனாலும் கத்தும்.
இந்த நிமிஷம் அது எங்கே இருக்கிறதென்று
சத்துவாச்சாரி ஃபைனான்ஸ் ஆபீசில்
ஒரு பையனுக்குத் தெரியும்.

பின்னால் வருகிறதற்கு நாற்பத்தாறு.
கடன் கிடையாது. யாருக்கும் எதையும் சொல்வதும் கிடையாது.
அதன் கடிகாரத்தில் எப்போதும் பத்தே கால்.
டேங்க் நிரம்பினாலும் காய்ந்தாலும்
டீசல் முள் பாதியில் படுத்தே கிடக்கும்.
ஆனால் அந்தக் கதவு சாத்துகிற சத்தம் இருக்கிறதே,
என் வளையல்களை உள்ளே வைத்து
பாங்கில் மூடினார்களே, அதே சத்தம்.
என் கதவை அப்படிச் சாத்தினால்
அந்தப் பக்கத்துக் கதவு திறந்துகொள்ளும்.

கண்ணாடியில் பார்த்தேன்.
மூட்டைகளுக்கு நடுவில்
அதன் மூக்கு நட்சத்திரம் ஆடி ஆடி வந்தது.
பாவமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும்.

கோணவட்டம் தொடும்போது
என் டேஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு.
வேகம் இருபது, பத்து,
அப்புறம் திரையில் பணிவாக ஒரு வரி.
யூரியாத் தண்ணீர் தீர்ந்துவிட்டதாம்.
கத்தரிச் செடிகூட யூரியா இல்லையென்று
இப்படி நடுரோட்டில் உட்கார்ந்ததில்லை.

மொபெட்டில் வந்தான் கவுஸ்.
முதலில் பென்ஸ். குழாயைக் கழற்றினான்,
வாய் வைத்து உறிஞ்சினான், துப்பினான்,
அழுக்கு வந்தது, பிறகு டீசல் வந்தது.
ஒரே இருமல். கறுப்புப் புகை. ஓடியது.
அப்புறம் என் திரையை எட்டிப் பார்த்தான்:
"இதுக்கு வாய் வெக்க முடியாதுக்கா.
லேப்டாப் வரணும். பத்து மணிக்குத்தான் கடை தொறப்பான்."

மணி ஐந்தே முக்கால்.
ஜக்கரியா பாய் என்னைப் பார்க்கவில்லை,
மூட்டைகளைப் பார்த்தார்.
டிக்கியைத் திறந்தார். ஐந்து போயிற்று.
முன்சீட்டில் இரண்டு, காலடியில் ஒன்று.
மிச்சத்துக்கு அண்டாவின் பக்கத்தைக் காட்டினார்.

"பாய், தோல் சீட்டு. காம்பெல்லாம் முள்ளு."
"எங்க ஷாப்புலயே பதம் பண்ண வெள்ளாட்டுத் தோலும்மா.
உசுரோட இருந்தப்ப
முள்ளுலதான் மேஞ்சிச்சு."

எனக்கு இடம் இல்லை.
மேல் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு
அந்தக் கதவை நானே சாத்தினேன்.
சத்தம் உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்பதே இல்லை.

நேதாஜி மார்க்கெட் வாசலில்
பென்ஸிலிருந்து கத்தரிக்காய் இறங்குவதை
சுமைக்காரர்கள் பீடியை மறந்து பார்த்தார்கள்.
தரகன் கிலோவுக்கு இரண்டு ரூபாய்
தானாகவே ஏற்றிச் சொன்னான்.

நல்லதாகப் பார்த்து மூன்று கிலோ எடுத்து
பாயின் முன்சீட்டில் வைத்தேன்.
"பிரியாணி தனியாப் போகக் கூடாது பாய்."
அவர் மந்தாரை இலை தேடிப் போனார்.

அப்போது போன் அதிர்ந்தது.
சத்துவாச்சாரிப் பையன்:
'உங்கள் வாகனம் கோணவட்டத்தில்
நாற்பது நிமிடமாக அசையவில்லை.
ஏதேனும் பிரச்சினையா?'

வாய் நிறைய இருந்தது.
பிறகு பதில் போடலாம்.